பார்த்துவிட்டுப் போகிறவர்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டே நிறங்கள்தான். படுக்கை விரிப்பு வெள்ளை, ஆபரேஷன் தியேட்டர் துணி பச்சை. செண்பகவல்லி பத்தொன்பது வருடங்களாக அந்த இரண்டையும் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் மாலை ஐந்தே முக்காலுக்கு வெளியே வருவாள். வந்ததும் பஸ் ஏறிவிட மாட்டாள். எதிர் மேசையில் துணி மடிக்கும் ரெஜினாவோடு சேர்ந்து தாமரை வீதிக்கு நடப்பாள்.

கோயம்புத்தூரில் துணி, நகை, பாத்திரம், மேசை நாற்காலி எல்லாம் ஒரே தெருவில் வரிசையாக விற்கிற இடம் அது. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறப் பத்து நிமிடம் போதும். இவர்கள் இருவருக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். எந்தக் கடைக்குள்ளும் நுழைந்தது கிடையாது. கண்ணாடிக்கு வெளியே நிற்பார்கள். உள்ளே பொம்மைகள் உடுத்தி நிற்பதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சண்டை போடுவார்கள்.

"அந்தக் கிளிப்பச்சையை நம்ம மேட்ரனுக்கு எடுத்துக் குடுத்தறலாங்க்கா."

"அந்தம்மா நிறத்துக்கு அதா? வேண்டாம் செண்பகம், பாவம். அவங்களுக்கு அந்த ரோஸ்ல பூப்போட்டது."

"எல்லாத்துக்கும் பூ. உங்களை விட்டா ஆபரேஷன் துணிக்கும் பூப்போட்டுருவீங்க."

இப்படி ஆஸ்பத்திரியில் தெரிந்த அத்தனை பேருக்கும் சேலையும் செருப்பும் சோபாவும் கண்ணாலேயே எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. கேன்டீன்காரருக்கு மட்டும் மூன்று சோபா. வீட்டுக்குப் போனதும் செண்பகம் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் கணவர் சதாசிவத்திடம் சொல்வாள். பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிவிட்டு வந்த அவர், சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். "ஒண்ணைக்கூட வாங்க முடியலையேன்னு உனக்கு இல்லையா?" என்று ஒருமுறை கேட்டிருக்கிறார். "வாங்கினா ஒண்ணுதான வாங்கலாம்?" என்றாள் அவள்.

அந்த வருடம் தாமரை வீதியின் வியாபாரிகள் சங்கம் எல்லாக் கடைகளுக்கும் புதுக் கண்ணாடி மாற்றியது. 'நோக்கு' என்றொரு நிறுவனத்தின் கண்ணாடி. ஒரு மாதம் படுதா கட்டி வேலை நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை படுதாக்களை அவிழ்த்தார்கள். அன்று மாலை இருவரும் ஆசையாகப் போனார்கள்.

தெருமுனையிலேயே செண்பகம் நின்றுவிட்டாள்.

"என்னங்க்கா, இன்னும் வேலை முடியலையாட்ட இருக்குது?"

"ஏன்?"

"எல்லாக் கடையும் வெள்ளையடிச்சு மூடியிருக்குதே."

ரெஜினா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். "மூடியிருக்குதா? உன்ற கண்ணுக்கு என்ன ஆச்சு? அதோ பாரு, மாம்பழக் கலர்ல பட்டு. பொம்மை கையில வளையல்கூட மாட்டி விட்டிருக்கறாங்க."

செண்பகம் கண்ணாடிக்கு அருகில் போனாள். ஆஸ்பத்திரி விரிப்பைப் போன்ற வெள்ளை. ரெஜினா நின்ற இடத்துக்கு வந்து, அவள் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்தாள். வெள்ளைதான். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்தாள். இவள் நகர நகர, வெள்ளையும் கூடவே நகர்ந்து வந்தது. பக்கத்தில் ரெஜினாவின் கண்ணுக்குள் மாம்பழ நிறம் சிறு புள்ளியாக மின்னுவது மட்டும் தெரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதன் பிறகுதான் தெருவின் கடைசியில் இருந்த 'நோக்கு' அலுவலகத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே மீனலோசனி என்ற இஞ்சினியர் இருந்தாள். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. இந்தத் தெருவின் கண்ணாடிகளை இயக்குகிற கணினிக்குச் சொல்லிக் கொடுத்தது அவள்தான்.

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்லம்மா. கண்ணாடியே அப்படித்தான். பக்கத்துல பக்கத்துல நிக்கற ரெண்டு பேருக்கும் தனித்தனியா வெளிச்சம் அனுப்பும். யாருக்கு எது தேவையோ அதைக் காட்டும்."

"எனக்கு ஒண்ணுமே காட்டலீங்களே."

மீனலோசனி மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தாள். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "தெருமுனை கேமராவுல அஞ்சு வருசத்துப் பதிவு இருக்கும்மா. நீங்க ஆயிரத்து நூறு தடவைக்கு மேல வந்திருக்கீங்க. ஒரு தடவைகூட எதுவும் வாங்கலை. இனிமேலும் வாங்க மாட்டீங்கன்னு அது முடிவு பண்ணிடுச்சு."

"அக்காவும்தானுங்க வாங்கினதில்ல."

"அவங்களுக்கு வாங்கற வசதி இருக்குன்னு நினைக்குது."

ரெஜினாவின் மகன் ஜெர்மனியில் வேலை பார்த்தான். அம்மாவின் கணக்குக்கு மாதாமாதம் பணம் வரும். ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள், ஏதோ திருட்டில் பிடிபட்டவள் போல.

"கண்ணால பாத்தாத் தேஞ்சா போயிருமுங்க?" என்று கேட்டாள் செண்பகம்.

"தேயாதும்மா. ஆனா வாங்காதவங்க கூட்டமா நின்னா வாங்கறவங்க கிட்ட வர முடியலைன்னு கடைக்காரங்க சொல்றாங்க."

"அப்ப நானும் ஒரு கைக்குட்டை வாங்கிட்டாத் திறந்துக்குமா?"

மீனலோசனி அவளை நேராகப் பார்க்கவில்லை. "கைக்குட்டை வாங்கினா, கைக்குட்டை மட்டும் தெரியும்."

அதற்குப் பிறகும் இருவரும் தெருவுக்குப் போவதை நிறுத்தவில்லை. ரெஜினா பார்த்துச் சொன்னாள், செண்பகம் கேட்டாள். ஆனால் ரெஜினாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீலத்துல ஒண்ணு இருக்குது."

"எந்த நீலமுங்க்கா?"

"நீலம்னா நீலம்தான்."

"வானமா, மசியா, கழுத்துப் பக்கம் வெளுத்த சட்டையா?"

"தொந்தரவு பண்ணாத. நீலம்."

முதலில் சிரிப்பாக இருந்தது. போகப்போக ரெஜினா சொல்வது குறைந்தது. இன்றைக்கு ஒன்றும் நன்றாக இல்லை, எல்லாம் பழைய சரக்கு என்பாள். சீக்கிரம் பஸ்ஸுக்குப் போகலாம் என்பாள். வெள்ளைக்கு முன்னால் செண்பகம் நிற்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சேலைக் கடை ஒன்றின் முன்னால் ரெஜினா சட்டென்று நின்றாள். மூச்சை உள்ளே இழுத்த சத்தம் செண்பகத்துக்குக் கேட்டது.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணுமில்ல, வா."

"மூச்சை இழுத்தீங்களே."

"சொன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும் செண்பகம்."

"எனக்குக் கஷ்டமா இருக்கும், இருக்காதுன்னு நீங்க எப்படி முடிவு பண்றது? இந்தக் கண்ணாடியும் அதைத்தானே பண்ணுது?"

ரெஜினாவின் முகம் வெளிறிவிட்டது. "என்னையும் இதையும் ஒண்ணாக்கிட்டியா?"

"பிச்சை போடற மாதிரி ஒவ்வொண்ணாச் சொல்றீங்க. அதுலயும் நல்லதை மறைச்சு வெச்சுக்கறீங்க."

இந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அந்த நிமிடமே செண்பகத்துக்குத் தெரிந்துவிட்டது. ரெஜினா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாக நடந்தாள். அடுத்த வாரம் செண்பகம் சூப்பர்வைசரிடம் கேட்டு, அடுத்த கூடத்தில் நீராவி இஸ்திரிப் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். போவதும் வருவதும் பின்வாசல் வழியாக என்றானது. தாமரை வீதிக்கும் போவதில்லை. வீட்டில் சதாசிவம் சாப்பிடும்போது இப்போதெல்லாம் டிவி ஓடியது.

இதற்கிடையில் தாமரை வீதியில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கூட்டம் குறைந்தது. வாங்காதவர்கள் போய்விட்டார்கள், அது நினைத்ததுதான். ஆனால் வாங்குகிறவர்களும் நிற்கவில்லை. பளபளக்கும் கண்ணாடிக்கு முன்னால் தனியாக ஒரு நிமிடம் நின்றுவிட்டு, என்னவோ போலாகி நகர்ந்தார்கள். தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது மூன்று கடைகளில் ஆட்களைக் குறைத்தார்கள்.

ஒரு மதியம் மீனலோசனி சலவைக்கூடத்துக்கே வந்துவிட்டாள். நீராவிக்கு நடுவில், சுடிதார் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"நாங்க ஒரு தப்புக் கணக்குப் போட்டுட்டோம்மா. ஒரு கடை முன்னால நாலு பேர் நின்னு பாத்தாத்தான், அங்க என்ன இருக்குன்னு அஞ்சாவது ஆள் வர்றாங்க. அந்த நாலு பேரை நாங்களே துரத்திட்டோம்."

"அதுக்கு நான் என்னங்க பண்ணணும்?"

"பாக்கணும். அவ்வளவுதான். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். சம்பளம் உண்டு. எல்லாக் கண்ணாடியும் உங்களுக்குத் திறந்துடும்."

செண்பகம் இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். "ஊர்ல இத்தனை பேர் இருக்க என்னை எதுக்குத் தேடி வந்தீங்க?"

"பழைய பதிவு எல்லாத்தையும் போட்டுப் பாத்தேன்." மீனலோசனி முதல்முறையாகச் சிரித்தாள். "மத்தவங்க ஒரு பொருளை மூணு நொடி பாப்பாங்க. நீங்க பதினோரு நொடி. நீங்க நின்ன இடத்துல மத்தவங்களும் வந்து நின்னிருக்காங்க. உங்களை மாதிரி பாக்கறவங்க இந்தத் தெருவுலயே யாரும் இல்லம்மா."

பத்தொன்பது வருட வேலையில் செண்பகத்திடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஒத்துக்கொண்டாள்.

முதல் நாள் மாலை அவள் தெருவில் கால் வைத்ததும் வெள்ளை மெல்லக் கரைந்தது. பனி விலகியது போல ஒவ்வொரு கடையாக நிறம் வந்தது. குங்குமம், பாசி, மஞ்சள், கருநாவல். அவள் அழுதுவிட்டாள். வேலைக்காக அவள் காதில் மாட்டிவிட்டிருந்த, மணி போன்ற சிறு கருவி மீனலோசனியின் குரலில், "அழாதீங்கம்மா, பாக்கறவங்க பயந்துடுவாங்க," என்றது. அன்றைக்கு மட்டும்தான் அந்தக் குரல். மறுநாளிலிருந்து கணினியின் குரல்.

'மூன்றாவது கடை. இடமிருந்து இரண்டாவது சேலை. இருபது நொடி.'

அவள் நின்றாள், பார்த்தாள். மெய்யாகவே நன்றாகப் பார்த்தாள். இரண்டு நாளில் அவள் பின்னால் ஆட்கள் நிற்கத் தொடங்கினார்கள். அவளைப் போலவே இன்னும் பதினைந்து பேரை வேலைக்கு எடுத்தார்கள். தெரு மறுபடி களைகட்டியது. கடைக்காரர்கள் மீனலோசனிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார்கள்.

ஒருநாள் செருப்புக் கடையின் மூலையில், ஒரு குடை சாய்ந்திருப்பதைச் செண்பகம் பார்த்தாள். கடுகு நிறம், மரக் கைப்பிடி. யாருக்கும் காட்டுவதற்காக வைத்ததல்ல, கடைச் சிப்பந்தியுடையதாக இருக்கும். அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். 'நகருங்கள்,' என்றது காது மணி. 'ஐந்தாவது கடை. குக்கர் வரிசை. பதினைந்து நொடி.' நகர்ந்தாள்.

மூன்று வாரம் போனபின் சதாசிவம் கேட்டார். "இன்னிக்கு என்னென்ன பாத்தே?"

"ஏழு கடை," என்றாள்.

அவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவளுக்கு நிறங்கள் நினைவில் தங்கவில்லை. எத்தனையாவது சேலை, எத்தனை நொடி என்பது மட்டும் தங்கியது.

பிறகு அந்த மயில் நீலச் சேலை வந்தது. தெருவின் நடுவில் பெரிய பட்டுக்கடை. தினமும் ஆறு பத்துக்கு அதன் முன்னால் நிற்கும்படி காது மணி சொன்னது. இருபது நொடியல்ல, நான்கு நிமிடம். மறுநாளும் அதே சேலை. அதற்கு மறுநாளும் அதேதான். பதினோரு நாள் அவள் அந்தச் சேலையை ஆசையோடு பார்த்தாள். கையைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னது, வைத்தாள். திரும்பிப் போவது போலப் போய் மறுபடி வந்து பார்க்கச் சொன்னது, பார்த்தாள். அடர்த்தியான நீலம், தங்கக் கரை. நல்ல சேலையா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பன்னிரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரிக் கூடத்தின் வாசலில் ரெஜினா வந்து நின்றாள். கையில் ஒரு பெட்டி. நான்கு மாதத்தில் அவள் கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"பிரிச்சுப் பாரு," என்று பெட்டியை நீட்டினாள்.

செண்பகம் பிரித்தாள். மயில் நீலம்.

"ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். நீ இது முன்னால நின்னுட்டு இருந்தே. கண்ணாடி உனக்குத் திறந்துருச்சு போலன்னு எனக்கு அவ்ளோ சந்தோசம். அப்புறம் பாத்தா அடுத்த நாளும் நிக்கறே. உன்ற மூஞ்சியைப் பாத்தேன் செண்பகம். இத்தனை வருசத்துல நீ எதையும் அப்படிப் பாத்ததில்ல." ரெஜினா மூக்கை உறிஞ்சினாள். "நல்லதை மறைச்சு வெச்சுக்கறேன்னு சொன்னியல்ல? இந்தா. இது நல்லது. மறைக்காமக் குடுத்துட்டேன்."

இது சம்பளத்துக்குப் பார்த்த பார்வை என்று சொல்லச் செண்பகத்துக்கு வாய் வரவில்லை. "எதுக்குங்க்கா இவ்ளோ..." என்று மட்டும் சொன்னாள். ரெஜினா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை தெருவில் நுழைந்ததும் காது மணி சொன்னது: 'வாழ்த்துகள். மயில் நீலம் விற்பனையாகிவிட்டது. இன்று முதல் நான்காவது கடை.'

செண்பகம் நான்காவது கடைக்குப் போகவில்லை. நேராக 'நோக்கு' அலுவலகத்துக்குப் போனாள்.

"அந்தச் சேலையைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க," என்றாள். "வாங்கினது என்ற சிநேகிதி. நான் ஆசைப்பட்டுட்டு நிக்கறேன்னு நம்பி வாங்கிட்டாங்க. யாரோ எவரோ வாங்கட்டும்னுதான நான் நின்னேன்? அவங்க தெரியாத்தனமா வந்து மாட்டிக்கிட்டாங்க."

மீனலோசனி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தெரியாம நடந்தது இல்லம்மா அது."

"என்ன சொல்றீங்க?"

"உங்களை அங்க நிக்க வெச்சது நான் இல்லை. கணினி. இன்னிக்குக் காலைலதான் எதுக்குன்னு பாத்தேன்." திரையை அவள் பக்கம் திருப்பினாள். சாலைக்கு எதிர்ப்புறம், பேங்க் வாசலில், கைப்பையை மார்போடு அணைத்து நிற்கிற ரெஜினா. "இவங்க நாலு மாசமா தினமும் வந்திருக்காங்க. நீங்க வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே. கண்ணாடி எல்லாம் இவங்களுக்குத் திறந்துதான் இருக்கு. ஒண்ணையும் பாக்கலை. தெருமுனையைப் பாத்துக்கிட்டு அரை மணி நேரம் நிப்பாங்க, போயிடுவாங்க."

செண்பகம் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள்.

"நீங்க வேலைக்கு வந்த அன்னிக்கிலேர்ந்து இவங்க கண்ணு உங்களை விட்டு நகரலை. நீங்க சேலையைப் பாத்தீங்க, இவங்க உங்களைப் பாத்தாங்க. வாங்கற வசதி இருக்கு, எந்தப் பொருள் மேலயும் ஆசை இல்லை, ஒரே ஒரு ஆளை மட்டும் பாக்கறாங்க. அப்போ அந்த ஆள் எதுக்கு ஆசைப்பட்டாலும் அதை இவங்க வாங்குவாங்கன்னு அது கண்டுபிடிச்சிடுச்சு. இவங்க கைக்கு எட்டற விலையில ஒரு சேலையை எடுத்து, அதுக்கு முன்னால உங்களை நிறுத்திடுச்சு. உங்களைப் பாத்து நூறு பேர் நின்னாலும், அந்த நாலு நிமிசம் இவங்க ஒருத்தருக்காகத்தான்."

"நாலு மாசமா வந்தாங்களா?" செண்பகம் கேட்டது அது ஒன்றைத்தான்.

"மழை பேஞ்ச அன்னிக்குக்கூட."

தன்னை வைத்தே ரெஜினாவைப் பிடித்துவிட்டார்களே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அதே சமயம், மழையில் பேங்க் வாசலில் அவள் நின்றதை நினைக்க நினைக்க உள்ளுக்குள் வேறு ஏதோ இளகிக்கொண்டே வந்தது. இரண்டையும் பிரிக்க அவளுக்குத் தெரியவில்லை. பிறகு காது மணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கண்ணாடி எல்லாம் மறுபடி மூடிடும்மா."

"மூடட்டும்."

"இதைச் செய்யறப்ப, இப்படி ஆகும்னு நான்..." என்று ஆரம்பித்த மீனலோசனி முடிக்கவில்லை. செண்பகம் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரெஜினா சர்ச்சிலிருந்து திரும்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டு, சேலைப் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வேலை, காது மணி, நொடிகள், பதினோரு நாள், பேங்க் வாசல். ஒன்றையும் விடவில்லை.

ரெஜினாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துபோனது.

"நான் ஒண்ணும் உன்னைப் பாக்க வரலை. பஸ்ஸுக்கு நின்னேன்."

"பேங்க் வாசல்ல எந்த பஸ்ஸுங்க்கா நிக்கும்?"

ரெஜினா சமையலறைக்குள் போய்விட்டாள். டம்ளர்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். டீ கொதிக்கும் வாசனை வந்தது. உள்ளிருந்தே கேட்டாள்.

"அப்ப அந்தச் சேலை உனக்குப் பிடிக்கவே இல்லையா?"

"தெரியலீங்க்கா."

"தெரியலைன்னா?"

"அதான் பயமா இருக்குது. ரெண்டு நாளாப் பெட்டியைத் திறந்து திறந்து பாக்கறேன். நல்லாருக்குதா, இல்லையான்னு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. இது மட்டும் இல்ல. பஸ்ஸுல ஒரு புள்ள கட்டியிருக்கற துணியைப் பாத்தாலும் அப்படித்தான். யாரோ வந்து பாருன்னு சொல்லணும்னு நிக்கறேன். என்ற வீட்டுல அவர்கிட்டச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க்கா. இத்தனை வருசம் எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

ரெஜினா டீயோடு வெளியே வந்தாள். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு அலமாரியைத் திறந்து பைபிளுக்குள் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பில்லைத் திருப்பிப் பின்பக்கம் வாசித்தாள்.

"முப்பது நாளைக்குள்ள மாத்திக்கலாம்னு போட்டிருக்குது."

"அதுக்கு?"

"நாளைக்கு ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போலாம். கடைக்குள்ள."

திங்கட்கிழமை மாலை, செண்பகத்துக்குத் தாமரை வீதி மறுபடி வெள்ளையாகவே இருந்தது. அவள் ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டுக்கடைக் கதவுவரை நடந்தாள். வாசல் காவலர் தன் கையில் இருந்த சிறு திரையைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார், வழியை விடத் தயங்கினார். ரெஜினா பில்லை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கதவு திறந்தது.

உள்ளே கண்ணாடி இல்லை. விரித்த வெள்ளைத் துணிமேல் சேலைகள் நேராக வந்து விழுந்தன. கனகராஜ் என்ற விற்பனையாளர், நாற்பது வயதுக்காரர், சுறுசுறுப்பாக எடுத்துப் போட்டார். முதல் அரை மணி நேரத்தில் இருபத்தைந்து சேலை. செண்பகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். அவள் காது எதற்கோ காத்திருந்தது. எதுவும் கேட்கவில்லை. "எது வேணுமுங்க?" என்று கனகராஜ் கேட்டபோது அவளுக்கு வியர்த்துவிட்டது.

ரெஜினா வாயைத் திறக்கப் போனாள், அடக்கிக்கொண்டாள். "நாளைக்கு வர்றோமுங்க," என்றாள் அவரிடம்.

மறுநாள் போனார்கள். அதற்கு மறுநாளும் போனார்கள். கனகராஜுக்கு முதல் நான்கு நாள் கோபம். "எதுன்னு சொல்லிட்டாப் பரவால்லீங்க," என்று மேலாளரின் பக்கம் பார்த்துக்கொண்டே சொல்வார். பில் இருந்ததால் மேலாளரும் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்தாம் நாள் செண்பகம் ஒரு சேலையின் முந்தானையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். துணியைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தொட்டாள். இது மொடமொடப்பு, இது வழுக்கல், இது கையில் நிற்கிறது, இது கனம் என்று மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். கேட்டுக்கொண்டிருந்த வேறு இரண்டு பெண்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவர்கள். ஒருத்தி தான் எடுத்து வைத்திருந்ததைச் செண்பகத்தின் மடியில் போட்டாள். "இது கனமா இருக்குதாங்க்கா, பாருங்க."

கனகராஜ் அன்று எல்லோருக்குமாகச் சேர்த்து டீ சொன்னார்.

பில் போட்ட தேதியிலிருந்து பன்னிரண்டாவது நாள். மேல்தட்டிலிருந்து கனகராஜ் ஒரு கட்டை இறக்கிப் பிரித்தார். துரு நிறத்தில் ஒரு பருத்திப் பட்டு. கரையில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அது துணிமேல் விழுந்து அடங்குவதற்குள் செண்பகத்தின் கை அதைப் பிடித்துவிட்டது.

"இது," என்றாள்.

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சேலை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதும் அந்த முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

"அப்பாடா!" என்றார் கனகராஜ். "எடுத்தாச்சு. பில்லைக் குடுங்க, மாத்திப் போட்டறலாம்."

ரெஜினா கைப்பையைத் திறந்து பில்லை எடுத்தாள். செண்பகம் அவள் கையைப் பிடித்து, பில்லை மறுபடி பைக்குள்ளேயே தள்ளினாள். கொக்கியையும் மாட்டிவிட்டாள்.

"இருங்க்கா, என்ன அவசரம்? இன்னும் பதினெட்டு நாள் இருக்குதில்ல?" என்று நன்றாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். "ஏனுங்க கனகராஜு, அந்த மூலைல மடிச்சு வெச்சிருக்கறது என்னன்னு கொஞ்சம் எடுத்துப் போடுங்க, பாக்கலாம்."